கொழிஞ்சாம்பாறையில் மாசம், பொள்ளாச்சியில் பிரசவம்: தலைப்பிள்ளைக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சம்பந்தம் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவுப் பக்கம்தான். கல்யாணம், சீர், நோம்பி எதற்கும் எல்லை ஒரு பொருட்டே இல்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தாய்வீடு. தலைப்பிரசவம் என்று வந்துவிட்டால்தான் அந்தக் கோடு நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரேஷன் கார்டு கேரளத்தில், அம்மா தமிழ்நாட்டில். ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர் வந்து எட்டிப்பார்ப்பது இந்த வீட்டில், வளைகாப்பு முடிந்து போய் உட்காருவது அந்த வீட்டில்.

எந்த மாதம் எந்தப் பழம் தின்னலாம் என்கிற பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. இரண்டு வீடு, இரண்டு மாநிலம் என்று இருக்கிறவர்கள் அன்றாட வாழ்க்கையை எப்படி ஒழுங்கு செய்துகொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். செங்கோட்டை, களியக்காவிளை, கம்பம் பக்கத்தவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. எங்கே பிரசவம்? மூன்றாம் மாதத்திலேயே பேசி முடியுங்கள்

மற்ற எல்லா வேலையும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் பெண் வீட்டிலிருந்து வரும் முதல் வார்த்தை, "தலைப்பிரசவம் எங்க வீட்லதானுங்க சம்மந்தி." மாமியாரும் முறைக்காக, "அதுக்கென்னங்க, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அங்கே எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருப்பார்கள், ராத்திரி வண்டி யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏழாம் மாதம் வரும்போதுதான் அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்குத் தோட்டத்து வேலை, தம்பி பெங்களூரில் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

முடிவெடுக்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, எந்த வீட்டிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கும் அரை மணி நேரத்துக்குள் ஆபரேஷன் வசதியும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? இரண்டு, எந்த வீட்டில் பகலில் எப்போதும் ஒருவர் இருப்பார்? மூன்று, அவளுக்கு எங்கே இருக்கப் பிடிக்கிறது? மூன்றாவதைக் கடைசியாகக்கூட யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்தப் பக்கம் பாலக்காட்டில் பெண்கள், குழந்தைகளுக்கென்றே தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தப் பக்கம் பொள்ளாச்சி அரசு தலைமை மருத்துவமனை, சிக்கல் என்றால் கோவை மருத்துவக் கல்லூரி. ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011இல் வந்ததிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ரத்தம், பரிசோதனை, சாப்பாடு எல்லாம் இலவசம். தனியாரில் பார்ப்பதென்றால் சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, குழந்தையை ஐ.சி.யூ.வில் வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள்.

முடிவு தாய்வீடு என்றால், அந்த டாக்டரை ஐந்தாம் மாத ஸ்கேன் சமயத்திலாவது ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். முப்பத்தாறாவது வாரத்தில் பெட்டியோடு போய் நின்றால், இதுவரை பார்த்த இடத்துக்கே போங்கள் என்று சொல்லும் ஆஸ்பத்திரிகளும் உண்டு.

2. பதிவு: ஒரு அட்டை, ஒரு எண்

பன்னிரண்டாவது வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும். கேரளத்தில் உங்கள் வார்டு ஆஷாவிடமோ துணை சுகாதார நிலைய சிஸ்டரிடமோ சொன்னால் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையும் ஆர்.சி.எச். என்ற பன்னிரண்டு இலக்கத் தாய்-சேய் நலப் பதிவு எண்ணும் கிடைக்கும். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் இந்தப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் பிக்மி என்ற கணினிப் பதிவு வழியாகத்தான் எல்லாம் ஓடுகிறது. அங்கே பிறந்தால் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். ஆகவே பொள்ளாச்சியில் பிரசவம் என்று முடிவானால், அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். கேரளத்தில் ஏற்கெனவே பதிந்திருப்பதை மறைக்காமல் சொல்லி, அட்டையைக் காட்டுங்கள்.

பண உதவி பற்றி: முதல் குழந்தைக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய், முதலில் 3,000, பிறகு 2,000. கேரளத்தில் அங்கன்வாடி டீச்சர் மூலம் விண்ணப்பிக்கலாம். பணம் அம்மாவின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். அது தமிழ்நாட்டு முகவரி உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு. "ரெண்டு பக்கமும் வாங்கிக்கலாம்" என்று ஊரில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். ஆதார் ஒன்றுதான் என்பதை அவருக்கு நினைவுபடுத்திவிட்டு, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதோ அங்கே கேளுங்கள்.

அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே ஃபைலில். ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துக் கணவன் போனிலும் அம்மா போனிலும் போட்டுவையுங்கள். ஃபைல் மாமியார் வீட்டு பீரோவிலும் ஆள் தாய்வீட்டிலும் இருப்பது எல்லையோரத்தில் அடிக்கடி நடக்கிற கூத்து.

3. செக்கப்புகள்

இருபத்தெட்டாவது வாரம்வரை மாதம் ஒருமுறை, முப்பத்தாறுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் வாராவாரம். பதினொன்று முதல் பதினான்காவது வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், பதினெட்டு முதல் இருபதுக்குள் உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேன். டி.டி. ஊசி இரண்டு, நான்கு வார இடைவெளியில். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை.

ரத்த வகையை மட்டும் கவனமாகப் பாருங்கள். அம்மாவுக்கு நெகட்டிவ், அப்பாவுக்கு பாசிட்டிவ் என்றால் இருபத்தெட்டாவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஊர் மாறும்போது விட்டுப்போகக்கூடிய விஷயம் இது. அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆணா பெண்ணா என்று ஸ்கேன் அறையில் கேட்காதீர்கள், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் சொல்வதும் குற்றம்.

4. வீடு: தண்ணீர், காற்று, கட்டில்

முதலில் தண்ணீர். இந்தக் கிழக்குப் பஞ்சாயத்துகள் மழை மறைவுப் பகுதி. கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது என்று டி.வி.யில் சொல்லும்போது இங்கே வாசல் நனைந்திருக்காது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் புளூரைடு அதிகம். புளூரைடு கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் குடிநீரைத் தனியாகப் பிடித்து, அதைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். பதிமுக மரத்துண்டு போட்டுச் சிவந்த வெந்நீரோ சீரகத் தண்ணீரோ, வீட்டில் எது பழக்கமோ அது இருக்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர் உள்ளே போனால் சரி. குடம் தூக்குவது, கிணற்றில் கயிறு கட்டி இழுப்பது எல்லாம் இனி வேறு யாராவது.

அடுத்தது பருவம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்று உதட்டை வெடிக்கவைக்கும், வயிறு விரியும்போது தோல் நமநமவென்று அரிக்கும். குளித்ததும் ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் ராத்திரியில் அரித்தால் எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், கல்லீரல் சம்பந்தமான கோளாறாக இருக்கலாம், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் ஏழு, எட்டு மாதம் நடக்கிறதென்றால் பதினோரு மணிக்கு மேல் வெளிவேலை வேண்டாம். ஓட்டு வீடு நல்லது. காங்கிரீட் வீட்டு மாடி அறையில் படுக்கிறவர்கள் கீழே இறங்கிவிடுங்கள்.

கட்டில் ஒன்று வேண்டும். பாயில் படுத்துப் பழகியவர்களுக்கும் எட்டாம் மாதத்துக்கு மேல் எழுவது பெரும்பாடு. பக்கவாட்டில், முடிந்தால் இடதுபக்கம், படுக்கச் சொல்வார்கள். மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கடியில் மடித்த பழைய போர்வை. தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் வழியில் ஒரு விளக்கு, பாசி பிடிக்காத தரை, பிடித்துக்கொள்ள ஒரு குழாய்க் கம்பி. ராத்திரி மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கும். கொசுவலை பகல் தூக்கத்துக்கும் வேண்டும், டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும்.

5. அடுக்களை: இரண்டு மாமிகள், ஒரு வயிறு

"ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு கண்ணு" என்று சொல்லாத ஆள் கிடையாது. நான்காம் மாதத்துக்குப் பிறகு கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 350 கலோரிதான். வழக்கமான சாப்பாட்டோடு ஒரு தோசை, ஒரு டம்ளர் பால், ஒரு பழம். அவ்வளவே. மசக்கை இருக்கிற முதல் மூன்று மாதத்தில் அதுவும் இறங்காது. எது வயிற்றில் நிற்கிறதோ அதைக் கொடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். தாளிக்கிற வாசம் குமட்டினால் சமையல் பொறுப்பு கைமாறட்டும். தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்து, சிறுநீர் கறுத்துப் போனால் ஆஸ்பத்திரிதான்.

இந்த ஊரில் இருப்பதில் ஒரு லாபம், இரண்டு பக்கத்துச் சாப்பாடும் கிடைக்கும். காலையில் ராகிக் களியோ கூழோ. கால்சியத்துக்கு அதைவிட மலிவாக வேறு கிடைக்காது. மத்தியானம் மட்டை அரிசிச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல். சாயங்காலம் சிறுபயறு போட்ட கஞ்சி, ஆவியில் வெந்த நேந்திரம்பழம். வாரத்தில் இரண்டு நாள் மத்தி. சுறா போன்ற பெரிய மீன்களைத் தள்ளிவைக்கலாம், பாதரசம் அவற்றில்தான் சேரும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் கொஞ்சமாக. பக்கத்துத் தென்னந்தோப்பில் இறக்குகிற கள் "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று யாராவது கொண்டுவந்தால், கொண்டுவந்தவரே குடித்துக்கொள்ளட்டும். புளித்த கள் சாராயச் சத்துதான்.

பப்பாளிக்காய் வேண்டாம், அதன் பாலில் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு என்பதால் ஒதுக்குவதில் நியாயம் இருக்கிறது. நன்றாகப் பழுத்தது இரண்டு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. குங்குமப்பூ போட்ட பால் மணமாக இருக்கும், குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ எடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். டீ, காப்பியோடு எடுத்தால் பாதி வீண். கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும் கொய்யாவும். "மாத்திரை சாப்பிட்டா கொழந்தை பெருசாயிடும்" என்று ஜன்னல் ஓரத்தில் ஒளித்துவைக்கிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் உடம்பு தாங்காது. மாத்திரை அட்டையைக் கணவன் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேசையில் வையுங்கள்.

6. வளைகாப்பும் வீடு மாறுவதும்

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, வீட்டு வழக்கப்படி. கொங்குப் பக்கத்தில் கட்டுச்சோறு விருந்து என்று பெண் வீட்டார் சோறு வகைகளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாக இறங்கும். விழாவைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான்: மணையில் ஒரு மணி நேரம் உட்காரவைக்காமல் முதுகு சாய்கிற நாற்காலி போடுங்கள், ஓமப்புகையை அடக்குங்கள், சர்க்கரை இருக்கிற பெண்ணுக்கு ஒவ்வொருவரும் ஒரு வாய் இனிப்பு ஊட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல்களை இறுக்கமான அளவில் போட வேண்டாம். டிரிப் ஏற்றவும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகவும் ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்வார்கள், வலியோடு இருக்கும்போது ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருப்பது பாவம்.

ஏழிலேயே தாய்வீடு போவது நல்லதா? வேலைக்குப் போகிறவள் என்றால், சட்டப்படி 26 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரம்வரைதான் எடுக்கலாம். முன்னால் எடுக்கிற ஒவ்வொரு வாரமும் பின்னால் குழந்தையோடு இருப்பதில் குறையும். கணவன் இங்கே, அவள் அங்கே என்று மூன்று மாதம் இருப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. சடங்கை ஏழில் செய்துவிட்டு, நான்கைந்து நாள் தாய்வீட்டில் இருந்து திரும்பி, முப்பத்தைந்து, முப்பத்தாறாவது வாரத்தில் நிரந்தரமாகப் போவது என்று பல வீடுகளில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது எனக்கும் சரியாகப் படுகிறது.

போகும்போது காரில் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டிப் போடுங்கள். பஸ் என்றால் முன்பக்க சீட், கடைசி வரிசை ஆகவே ஆகாது. ஆறு மாதத்துக்கு மேல் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வேலந்தாவளம் ரோட்டில் போவதை நான் பார்த்தால் திட்டுவேன்.

கணவன் மனைவி உறவு கூடாது என்று பெரியவர்கள் தனித்தனியாகப் படுக்கவைப்பார்கள். ரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, குறைப்பிரசவ பயம் போன்ற காரணங்களுக்காக டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை அதில் ஆபத்து இல்லை.

7. பழைய வேட்டியும் ஆஸ்பத்திரிப் பையும்

பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக்கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். அதை எதிர்த்துச் சண்டை போட வேண்டியதில்லை, பச்சைக் குழந்தைக்குப் பழைய துணிதான் சுகம். தாத்தாவின் நைந்த நாலுமுழ வேட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கரையை முழுக்கக் கிழித்து எடுத்துவிடுங்கள், ஜரிகை தோலைக் கீறும். மிச்சத்தை முக்கால் முழச் சதுரங்களாக வெட்டி, ஓரம் பிரியாமல் ஒரு தையல் ஓட்டி, சோப்பில் அலசி, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காயவைத்து இஸ்திரி போடுங்கள். காற்றுக்காலமாக இருந்தால் கொடியில் ஈரத்துணி மேல் செம்மண் படியும், மெல்லிய சேலையால் மூடிக் காயப்போடுங்கள். மடித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. நனைத்துக்கொண்டே இருக்கும் ஜீவன் அது, இத்தனை சதுரமும் இரண்டு நாளைக்குக் காணாது. இன்னும் இரண்டு வேட்டி தேடி வையுங்கள்.

முப்பத்தாறாவது வாரத்தில் பை தயாராக இருக்க வேண்டும். முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, பேட், துண்டு, செருப்பு, ஃப்ளாஸ்க், டம்ளர், பக்கெட்டும் மக்கும், நீளமான ஒயர் உள்ள சார்ஜர், கொஞ்சம் ரொக்கம். தனிக் கவரில் ஃபைல், இருவர் ஆதார், அவளுடைய பாஸ்புக், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். கேரளத்து ஆஸ்பத்திரி என்றால் பைஸ்டாண்டர், அதாவது கூடத் துணைக்கு இருக்கும் ஆள், யார் என்று கேட்பார்கள். லேபர் ரூம் வாசலில் பெரும்பாலும் ஒருவரைத்தான் விடுவார்கள், பெண்ணாக இருக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வரும் அம்மாவுக்கு மலையாளம் அவ்வளவாக வராதென்றால், மலையாளம் தெரிந்த நாத்தனாரோ பக்கத்து வீட்டுச் சேச்சியோ முதல் ராத்திரி துணைக்கு இருப்பது பெரிய உதவி.

8. பத்துப் புளியங்கொட்டை

இருபத்தெட்டாவது வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவைத் தினம் கவனிக்க வேண்டும். எளிய வழி ஒன்று: இரண்டு கிண்ணம், பத்துப் புளியங்கொட்டை. மத்தியானம் சாப்பிட்டு இடதுபக்கம் சாய்ந்து படுங்கள். ஒரு உதை, ஒரு புரளல், ஒரு நெளிவு, எதுவானாலும் ஒரு கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போடுங்கள். விக்கல் மாதிரி சீராகத் துடிப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் பத்தும் மாறிவிட வேண்டும், பெரும்பாலும் அரை மணியிலேயே மாறிவிடும். மாறவில்லை என்றாலோ, வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாக மனதுக்குப் பட்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. "கடைசி மாசத்துல இடம் பத்தாது, அசைவு கொறையும்" என்று வீட்டில் சொல்வதை நம்ப வேண்டாம். அசைகிற விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக்கூடாது. செக்கப்பில் சிஸ்டர் "அனக்கம் உண்டோ?" என்று கேட்பது இதைத்தான்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத மற்றவை: ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது பூச்சி பறப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிற்றில் கடும் வலி, குளிர்காய்ச்சல், வலிப்பு, நாள் ஆகும் முன்பே தண்ணீர் உடைவது. வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் 140/90 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதைத் தொட்டால் போன் செய்து கேளுங்கள்.

9. கடைசி வாரங்களும் அந்த ராத்திரியும்

டாக்டர் குறித்த தேதி ஒரு கணக்கு, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். சரியாக அந்தத் தேதியில் பிறப்பவை இருபதில் ஒன்று இருந்தால் அதிகம். முப்பத்தேழு வாரம் முடிந்துவிட்டால் எந்த நாளும் ஆகலாம். நாற்பத்தொன்றை நெருங்கினால் வலி வரவைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார். அதற்குள் தினம் ஐந்து பேர் "இன்னும் ஆகலையா?" என்று போன் செய்வார்கள். அவள் போனைக் கணவன் வாங்கிவைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும், இது அவன் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலைகளில் ஒன்று. காலை வெயிலுக்கு முன் தோப்பு வரப்பில் நடை, மத்தியானம் தூக்கம், வந்தவர்களின் பிரசவக் கதைகளுக்குக் காது கொடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் அவளுடைய வேலை. இரண்டு வாரமாக எதற்கும் அழுகை, தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் "பயம்தான், சரியாயிடும்" என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பொய் வலி வரும், போகும். ஊரில் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். நடந்தாலோ படுத்தாலோ அடங்கினால் பொய். நிஜ வலி முதுகிலிருந்து முன்னால் வந்து, நேரம் ஆக ஆக நெருங்கும், வலுக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் என்றால் கிளம்புங்கள் என்பது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. முக்கால் மணி நேரம் வண்டியில் போக வேண்டியவர்கள் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரும்போதே கிளம்பலாம். முதல் பிரசவம் நிதானமாகத்தான் போகும், ஆனாலும் ரோட்டை நம்பக்கூடாது. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டியதுதான். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

வண்டிக்கு இரண்டு ஆள் சொல்லிவையுங்கள், ஒருவர் போன் எடுக்காவிட்டால் அடுத்தவர். ஹர்த்தால் நாளில் வாடகை வண்டி கிடைப்பது கஷ்டம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியை மறிக்க மாட்டார்கள், கண்ணாடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சித்தூர் கொங்கன்படை, நெம்மாறை வல்லங்கி வேலா போன்ற திருவிழா நாட்களில் ரோடு அடைத்துக் கிடக்கும், மாற்று வழி தெரிந்திருக்க வேண்டும். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையோரத்தில் செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாம். எடுத்ததும் மாநிலம், மாவட்டம், ஊர், பக்கத்திலிருக்கும் கோயில் அல்லது பள்ளிக்கூடம், இந்த வரிசையில் சொல்லுங்கள்.

10. முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை

பிறந்ததும் நாவில் இனிப்பு தொட்டுச் சேனை வைப்பது தமிழ் வீட்டு வழக்கம், பொன்னும் வயம்பும் (வசம்பு) உரைத்து நாவில் தொடுவது கேரளத்து வழக்கம். எல்லையில் இருக்கிற குழந்தைக்கு இரண்டும் வந்து சேரும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை அது மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதை இரண்டு பாட்டிகளிடமும் கணவன் இப்போதே சொல்லிவிட வேண்டும். பிறந்த அன்று லேபர் ரூம் வாசலில் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. சடங்கு விடமாட்டோம் என்றால் பாட்டி விரலால் கன்னத்தைத் தொட்டு வாழ்த்தட்டும்.

பிரசவ மருந்தும் அப்படித்தான். அம்மா வீட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி இடித்த லேகியம், மாமியார் வீட்டில் தான்வந்தரம் தைலமும் மூலிகை வெந்நீரில் வேது குளியலும். இரண்டையும் ஒரே உடம்பில் இறக்க வேண்டாம். சிசேரியன் ஆனால் தையல் ஆறும்வரை வயிற்றில் கொதிநீர் ஊற்றுவது, இறுக்கித் துணி கட்டுவது எதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

கடைசியாகக் காகிதம். குழந்தை எங்கே பிறக்கிறதோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பிறப்புப் பதிவு, நீங்கள் எங்கே குடியிருந்தாலும் சரி. பொள்ளாச்சியில் பிறந்தால் சான்றிதழ் பொள்ளாச்சியிலிருந்துதான் வரும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே விவரம் வாங்கி அனுப்புவார்கள். அந்தத் தாளை யார் நிரப்புகிறார் என்பதுதான் விஷயம். கணவனின் கேரளத்து ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், மனைவியின் தமிழ்நாட்டு ஆதாரில் வேறு முறை, ஒருவருக்கு இனிஷியல் முன்னால், இன்னொருவருக்குப் பின்னால் வீட்டுப்பெயர். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம்வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் மாறியிருக்கிறது, ஆகவே பிழை விட்டால் நெடுநாள் துரத்தும். இருவர் பெயரையும் ஆதாரில் உள்ளபடியே ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, நிரந்தர முகவரியையும் சேர்த்து, ஃபைலின் முதல் பக்கத்தில் ஊக்கு போட்டு வையுங்கள். குழந்தையின் பெயருக்கு அவசரம் இல்லை, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் பதினைந்து வருடம்வரை கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு.